பெருங்குடல் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு வேக நடை: எவ்வளவு, எப்படி, யாருக்கு?

வடலி (ஸ்கார்பரோ)

அம்மாவுக்குப் பெருங்குடலில் ஸ்டேஜ் 3. சத்திரசிகிச்சை முடிந்து, ஆக்ஸாலிபிளாட்டின் சேர்ந்த கீமோவும் முடிந்துவிட்டது. ஸ்கேனில் இப்போது ஒன்றும் இல்லை. வீட்டில் வாக்குவாதம்தான் ஓயவில்லை. பெரியம்மாவும் மாமாவும் "உடம்பு உக்கிப்போய் இருக்கு, ஆறுதலாய்ப் படுக்க விடு" என்கிறார்கள். புற்றுநோய் வைத்தியரோ வாரத்தில் மூன்று நான்கு நாள் மூச்சு வாங்குகிற அளவுக்கு நடக்க வேண்டும் என்கிறார். கீமோவைப் பற்றி எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாரோ அதே அழுத்தத்தோடு இதையும் சொன்னார்.

அவர் காட்டிய ஆதாரம் சேலஞ்ச் என்ற ஆய்வு. தேடி வாசித்தேன். கனடியன் கேன்சர் ட்ரையல்ஸ் குரூப் 2009-ல் தொடங்கியது. 2025 ஜூனில் சிகாகோவில் நடந்த ஆஸ்கோ என்ற புற்றுநோய் மருத்துவர் மாநாட்டில் முடிவைச் சொன்னார்கள். நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழிலும் வந்தது. மொத்தம் 889 பேர், பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும். எல்லோரும் பெருங்குடல் புற்றுநோய் ஸ்டேஜ் 3, அல்லது ஆபத்து கூடிய ஸ்டேஜ் 2. கீமோ முடிந்து இரண்டு முதல் ஆறு மாதத்துக்குள் சேர்ந்தவர்கள். ஒரு பாதிக்கு உடற்பயிற்சி பற்றியும் சாப்பாடு பற்றியும் கையேடுகள் கொடுத்தார்கள். மறுபாதிக்குக் கையேட்டோடு மூன்று வருடப் பயிற்சித் திட்டம்.

ஐந்து வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 80.3 சதவீதம், கையேட்டுக் குழுவில் 73.9. எட்டு வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 90.3 சதவீதம், மற்றதில் 83.2.

இதை வாசித்த பிறகு அம்மாவைப் படுக்க விட எனக்கு மனமில்லை. ஆனால் அவருக்குக் காலும் கையும் விறைத்துப்போய் இருக்கின்றன. கீமோ நிறுத்திய பிறகு விறைப்பு கூடியிருக்கிறது என்கிறார். இந்தக் காலோடு எப்படித் தொடங்குவது? எவ்வளவு நடந்தால் அந்த ஆய்வில் சொன்ன அளவு வரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

உறையூர்_பிசியோ

வடலி, நான் புற்றுநோய் நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். அளவு பற்றி முதலில் சொல்கிறேன்.

அந்த ஆய்வில் வைத்த இலக்கு, ஒருவர் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதோடு வாரத்துக்கு 10 மெட்-மணி கூடுதலாகச் சேர்ப்பது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தி ஒரு மெட். வேகமாக நடந்தால் ஏறக்குறைய நான்கு மெட். அப்படியானால் வாரத்தில் இரண்டரை மணி நேர வேக நடை 10 மெட்-மணி. மூன்று நாள், நாளுக்கு 50 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெல்லோட்டம் ஓட முடிந்தவர்களுக்கு 25, 30 நிமிடமே போதும். நீச்சல், சைக்கிள் எதுவானாலும் சரி, அவரவர் விருப்பம். ஆய்விலும் என்ன பயிற்சி என்பதை அவரவரே தேர்ந்தெடுத்தார்கள்.

இன்னொன்று: அந்த 10 மெட்-மணியை எட்ட அவர்களுக்கு முதல் ஆறு மாதம் அவகாசம் இருந்தது. முதல் வாரத்திலேயே யாரும் 50 நிமிடம் நடக்கவில்லை. கீமோ முடித்து வருபவர்களை நான் பத்து நிமிடத்தில்தான் தொடங்க வைப்பேன், சிலரை ஐந்தில். ஒரு வாரம் அது சுலபமாகப் போனால் ஐந்து நிமிடம் கூட்டுவோம். வேகத்துக்கு ஒரு சுலபமான அடையாளம் இருக்கிறது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. முழுப் பாட்டும் பாட வருகிறது என்றால் வேகம் போதாது. ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் மூச்சு முட்டினால் குறைக்க வேண்டும்.

கால் விறைப்புக்கு வருகிறேன். ஆக்ஸாலிபிளாட்டின் நரம்பில் செய்கிற சேதம், மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று மாதம் கூடிக்கொண்டே போவதுண்டு. அம்மா சொல்வது சரிதான், பயப்பட வேண்டாம், ஆனால் டாக்டரிடம் சொல்லி வையுங்கள். பாதம் தரையை உணராதபோது விழுவதற்கு வாய்ப்பு அதிகம். அதனால் தொடக்கத்தில் உடற்பயிற்சி சைக்கிள் நல்லது, இருக்கையில் உட்கார்ந்து மிதிப்பது. நடந்தால் சமமான தரை, நல்ல வெளிச்சம், குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் ஷூ. வந்ததும் இரண்டு பாதத்தையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும், கொப்புளமோ கீறலோ இருந்தால் அவருக்கு வலித்திருக்காது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சியைத் தினமும் செய்யச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பூங்காக்களில் எட்டு வடிவத்தில் கூழாங்கல் பதித்த பாதை இருக்கிறதே, கால் மரத்திருப்பவர்கள் தயவுசெய்து அதில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். உச்சி வெயிலில் கோயில் பிரகாரம் சுற்றுவதும் அப்படித்தான். பாதம் வெந்து கொப்புளித்த பிறகுதான் தெரிய வந்தது என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு.

கணக்கன்

நல்ல ஆய்வு, மறுக்கவில்லை. ஆனால் எண்களைச் சரியாகப் படிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

எட்டு வருடத்தில் 83.2-க்கும் 90.3-க்கும் இடையே 7.1. அதாவது ஏறத்தாழ 14 பேர் இந்தத் திட்டத்தில் இருந்தால் அவர்களில் ஒருவருடைய மரணம் தவிர்க்கப்படுகிறது. இது பெரிய பலன், பல கீமோ மருந்துகளோடு ஒப்பிடத் தக்கது. ஆனால் பயிற்சிக் குழுவிலும் ஐந்து வருடத்துக்குள் ஐந்தில் ஒருவருக்கு நோய் திரும்பியது, அல்லது வேறு புற்றுநோய் வந்தது, அல்லது இறப்பு நேர்ந்தது. நடந்தால் வராது என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது. நடந்தும் திரும்பியவருக்கு அது இரண்டாவது அடியாகிவிடும்.

அடுத்து, யார் அந்த 889 பேர்? ட்ரெட்மில்லில் நடந்து காட்ட முடிந்தவர்கள். மூன்று வருடம் வந்து போகச் சம்மதித்தவர்கள். எல்லோரும் கீமோ முடித்தவர்கள். இதய நோயோடு தள்ளாடும் 78 வயதுக்காரருக்கு இதே எண்ணை அப்படியே பொருத்த முடியாது. மூட்டு, தசைத் தொந்தரவுகளும் பயிற்சிக் குழுவில் கூடுதல்: 18.5 சதவீதம், மற்றதில் 11.5.

இதற்கு முன்னால் வந்தவை பெரும்பாலும் பார்த்துப் பதிவு செய்த ஆய்வுகள். 2006-ல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் ஜெஃப்ரி மெயர்ஹார்ட் குழுவினர் அதிகம் நடப்பவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு என்று காட்டினார்கள். அப்போது எழுந்த கேள்வி, உடம்பு நன்றாக இருப்பதால் நடக்கிறார்களா, நடப்பதால் நன்றாக இருக்கிறார்களா என்பது. குலுக்கல் முறையில் பிரித்ததால் சேலஞ்ச் அந்தக் கேள்வியைத் தீர்த்தது. அதனால்தான் இதற்கு இவ்வளவு மதிப்பு.

தோட்டத்து_மல்லி

எனக்கு மலக்குடலில். கதிர்வீச்சு, கீமோ, ஆபரேஷன், வயிற்றில் மலம் சேரும் பை. இங்கே எல்லோரும் பெருங்குடலைப் பற்றிப் பேசுகிறீர்கள். அந்த ஆய்வில் எங்களைப் போன்றவர்கள் இல்லை என்று தெரிகிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் பை வைத்தவர்கள் நடக்கத் தயங்குவதற்கான காரணம் எந்தக் கையேட்டிலும் இல்லை.

பயம் உடம்பு வலியைப் பற்றியது இல்லை. நடு ரோட்டில் பை பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான். அந்தப் பயத்தில் மாதக்கணக்கில் வீட்டைவிட்டு இறங்காமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். நான் சிகிச்சை எடுத்த இடத்தில் "ஓய்வெடுங்கம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். நடக்கலாமா, எப்போது, எப்படி என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த வெறுமையை வேறு ஒரு பை வைத்த அம்மாதான் நிரப்பினார்.

அவர் சொல்லித் தந்தது: கிளம்புவதற்கு முன் பையைக் காலி செய். ஒரு மாற்றுப் பை, துடைக்கத் துணி, ஒரு கவர், இவை இடுப்புப் பையில் எப்போதும் இருக்கட்டும். முதலில் வீட்டைச் சுற்றியே நட, அப்புறம் தெருக்கோடி வரை. வியர்வையில் பையின் ஒட்டு தளரும், அதனால் விடியற்காலை நட. பெல்ட் வாங்கிக்கொள், அது பையைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர்க் குடத்தைத் தூக்காதே. இதில் கடைசியைப் பிசியோ மேடம் விளக்கினால் நன்றாக இருக்கும்.

நடக்கத் தொடங்கிய பிறகு எனக்குத் தூக்கம் வந்தது. அசதி குறைந்தது. படுத்தே கிடந்தபோது இருந்த அசதி வேறு மாதிரி, எலும்புக்குள் இருப்பது போல. அது நடக்க நடக்கத்தான் போனது.

உறையூர்_பிசியோ

மல்லி அக்கா, நீங்கள் எழுதியதை அப்படியே அச்சடித்து என் நோயாளிகளுக்குக் கொடுக்கலாம்.

குடம் விஷயம்: குடலை வெளியே எடுத்து வைப்பதற்காக வயிற்றுச் சுவரில் ஓட்டை போட்டிருக்கிறார்கள். கனமானதைத் தூக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, அந்த ஓட்டையின் ஓரமாக மற்ற குடலும் பிதுங்கி வரலாம், குடலிறக்கம். ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு மாதம் மிகவும் கவனம். அதற்குப் பிறகும் மூச்சை அடக்கிக்கொண்டு தூக்குவது கூடாது. நடைக்கு இந்தத் தடை இல்லை.

சிறுகுடலில் பை வைத்தவர்களுக்குத் தனி எச்சரிக்கை. உப்பையும் நீரையும் உறிஞ்ச வேண்டிய பெருங்குடலை உணவு தொடுவதே இல்லை. அதனால் உடம்பு உப்பை இழந்துகொண்டே இருக்கும், வெயிலில் நடந்தால் வியர்வையிலும் போகும். தாகத்துக்கு வெறும் தண்ணீரை நிறையக் குடித்தால் பையில் இன்னும் அதிகமாகப் போகும், உப்பும் கூடவே போகும். ஓஆர்எஸ் கரைசல்தான் சரியானது. உப்பு போட்ட மோர் பரவாயில்லை. இளநீரில் பொட்டாசியம் அதிகம், உப்பு குறைவு, அதை மட்டும் நம்ப வேண்டாம். தலை சுற்றல், சிறுநீர் குறைந்து மஞ்சளாவது, கெண்டைக்கால் பிடிப்பு வந்தால் அன்று நடை வேண்டாம்.

அசதி பற்றி அக்கா சொன்னதற்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது. 2017-ல் 113 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, புற்றுநோய் அசதிக்கு மாத்திரைகளைவிட உடற்பயிற்சியும் மன ஆலோசனையும் நன்றாக வேலை செய்தன. ஓய்வெடுத்தால் அசதி போகும் என்பது காய்ச்சலுக்குச் சரி. இந்த அசதி படுக்கப் படுக்கக் கூடும்.

மருதநிலம்

உயிர்வேதியியல் படிக்கிறேன். நடப்பதற்கும் குடலில் இருந்த கட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் வீட்டில் கேட்டார்கள். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத சில புற்று செல்கள் ஆபரேஷனுக்கும் கீமோவுக்கும் தப்பி எங்கோ தங்கியிருக்கலாம். அவை வளர்வதற்கு உடம்பின் சூழல் உதவுகிறதா இல்லையா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ரத்தத்தில் இன்சுலின் அதிகமாக இருந்தால் அது செல்களுக்கு "வளர்" என்று சொல்லும் சமிக்ஞையாகிறது. வேலை செய்யும் தசை சர்க்கரையை நேராக இழுத்துக்கொள்வதால் இன்சுலின் தேவை குறைகிறது. குடலைச் சுற்றியிருக்கும் உள் கொழுப்பு அழற்சிப் பொருட்களைச் சுரக்கிறது. கரேஜ் என்ற சிறிய ஆய்வில், சிகிச்சை முடிந்த 39 பேரை மூன்று குழுவாக்கி, ஒரு குழுவுக்கு வாரம் 150 நிமிடம், இன்னொன்றுக்கு 300 நிமிடம் என்று ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள், மூன்றாவது குழுவுக்குப் பயிற்சி இல்லை. நிமிடம் கூடக் கூட உள் கொழுப்பு அதிகம் குறைந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2019-ல் வெளியிட்ட ஒன்று. குடல் புற்றுநோயில் இருந்து மீண்டவர்களை நான்கு நான்கு நிமிடமாகத் தீவிரமாக சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். முடித்த உடனே எடுத்த ரத்தத்தின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரை, ஆய்வகத்தில் வளரும் குடல் புற்று செல்கள் மீது ஊற்றினால் செல்களின் எண்ணிக்கை குறைந்தது. இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த சீரத்தில் அந்தப் பலன் இல்லை. ஒவ்வொரு முறை பயிற்சி செய்யும்போதும் உடம்புக்குள் ஏதோ பாய்ந்து வந்து போகிறது. அப்படியானால் மாதத்துக்கு ஒரு நாள் நீண்ட நடை போவதைவிட அடிக்கடி செய்வதற்குத்தான் அர்த்தம் அதிகம்.

இது தட்டில் நடந்த சோதனை, மனித உடம்புக்குள் இதுதான் நடக்கிறது என்ற நிரூபணம் ஆகாது. இயற்கைக் கொல்லி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் பயிற்சியின்போது ரத்தத்தில் பெருகுவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

கணக்கன்

மருதநிலம் எழுதியதோடு ஒன்று சேர்க்கலாம். சேலஞ்சில் புதிதாக வேறு புற்றுநோய் வருவதும் குறைந்தது: 5.2 சதவீதம், கையேட்டுக் குழுவில் 9.7. உடம்பு முழுவதிலும் சூழல் மாறுகிறது என்ற கருத்துக்கு இது பொருந்தி வருகிறது.

ஏரிக்கரை

என் அப்பா விவசாயி, ஓமலூர் பக்கம். பெருங்குடல் ஆபரேஷன், கீமோ முடிந்தது. சர்க்கரை நோயும் உண்டு. காலையில் இருந்து வயலில்தான் நிற்கிறார். "இதுக்கு மேல என்னடா நடக்கிறது" என்கிறார். வயல் வேலை கணக்கில் வராதா? அப்புறம் எங்கள் ஊரில் மேற்பார்வைப் பயிற்சி எதுவும் கிடையாது. அந்த ஆய்வில் இருந்தவர்களுக்கு என்னதான் கொடுத்தார்கள்?

உறையூர்_பிசியோ

உங்கள் அப்பா சும்மா இருப்பவர் இல்லை, அது நல்லது. மண்வெட்டி வேலை மூச்சு வாங்க வைக்கும், அதைத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் நின்று மடை திருப்புவது, வரப்பில் மெதுவாக நடப்பது வேறு கணக்கு. அரை மணி நேரம் இடைவிடாமல் இதயத் துடிப்பை ஏற்றி வைப்பதுதான் இங்கே வேண்டியது. வேலைக்குப் போகும் முன் ஊர்ச்சாலையில் வேகமாக நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள், வாரத்தில் மூன்று நாள். இன்சுலின் போடுகிறார் என்றால் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது, சட்டைப் பையில் சர்க்கரையோ வெல்லமோ இருக்க வேண்டும். மாத்திரை என்றாலும் டாக்டரிடம் கேளுங்கள், சில மாத்திரைகள் சர்க்கரையை மிகவும் இறக்கிவிடும்.

உங்கள் கடைசிக் கேள்விதான் இந்த இழையிலேயே முக்கியமானது என்று நினைக்கிறேன். கையேடு பெற்ற குழுவுக்கும் உடற்பயிற்சி செய்யச் சொல்லித்தான் இருந்தது. அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. பயிற்சிக் குழுவுக்குக் கூடுதலாகக் கிடைத்தது ஒரு ஆள். முதல் ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நேரில் சந்திப்பு, கூடவே மேற்பார்வையில் பயிற்சி. அடுத்த ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நேரிலோ தொலைபேசியிலோ. அப்புறம் இரண்டு வருடம் மாதம் ஒரு முறை. எது தடையாக இருந்தது, மழையா வலியா வேலையா, அடுத்த இரண்டு வாரத்துக்கு என்ன திட்டம் என்று பேசுவார்கள். உயிர் பிழைத்தவர்களின் வித்தியாசம் அந்தத் துணையோடுதான் வந்தது. டாக்டர் சீட்டில் "நடக்கவும்" என்று எழுதிக் கொடுப்பது கையேட்டுக் குழுவில் சேர்ப்பதற்குச் சமம். இதை எங்கள் துறைக் கூட்டங்களில் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், கோபத்தோடுதான் சொல்கிறேன்.

உங்கள் ஊருக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் இருப்பார். இதற்கென்று வைத்த திட்டம் இல்லை என்றாலும் அவரிடம் கேளுங்கள். அது முடியாவிட்டால் அந்த ஆள் நீங்கள்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் அப்பாவுக்குப் போன் செய்து இதை மட்டும் பேசுங்கள். எத்தனை நாள் நடந்தார், எங்கே வலித்தது, என்ன மாற்றலாம். நோட்டில் எழுதி வையுங்கள். மாவட்டங்களில் அரசு அமைத்த நடப்போம் நலம் பெறுவோம் பாதை 8 கிலோமீட்டர். அதைப் பார்த்து முதல் நாளே முழுவதும் நடக்க வேண்டாம்.

நிறுத்த வேண்டிய அறிகுறிகள்: நெஞ்சில் அழுத்தம், மயக்கம், கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலிப்பது, காய்ச்சல், மலத்தில் புதிதாக ரத்தம். கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை இன்னும் எடுப்பவர்களுக்கு நெஞ்சுவலி வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அந்த மருந்து இதய ரத்தக் குழாயை இறுக்கக் கூடியது.

வடலி (ஸ்கார்பரோ)

பிசியோ அக்கா, மிக்க நன்றி. அம்மாவோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். மல்லி அக்கா எழுதிய அசதியைப் பற்றிக் கேட்டதும் "அதுதான், அதுதான் எனக்கும்" என்றார். நாங்கள் மோலுக்குள் நடப்பதாய் முடிவெடுத்திருக்கிறோம். காலையில் கடைகள் திறக்க முன்னமே வயசானவர்கள் உள்ளே நடப்பார்கள், தரையும் சமம், கழிவறையும் பக்கத்தில். குளிர் பட்டால் அவருக்குக் கை விரல் குத்துகிறது, அதனால் பனிக்காலத்துக்கும் அதுவே சரி. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் கதைத்து எழுதி வைக்கிற வேலையைத் தங்கச்சி எடுத்திருக்கிறாள். மாமாவுக்கும் இந்த இணைப்பை அனுப்பிவிட்டேன்.

நெய்தல்

தாமதமாகப் படிக்கிறேன். என் கணவருக்குச் சிகிச்சை முடிந்து நாலைந்து வருடம் ஆகிவிட்டது, அவர் இதுவரை ஒன்றும் செய்ததில்லை. இனிமேல் தொடங்கிப் பலன் உண்டா?

கணக்கன்

சேலஞ்சில் சேர்ந்தவர்கள் கீமோ முடிந்த ஆறு மாதத்துக்குள் தொடங்கியவர்கள். பெருங்குடல் புற்றுநோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் மூன்று வருடத்தில் திரும்பும். அந்தக் கட்டத்தை அவர் தாண்டிவிட்டார், அதனால் அந்த எண்களை அவருக்கு நான் சொல்ல மாட்டேன். ஆனால் இவ்வளவு வருடம் தாண்டியவர்களுக்கு மாரடைப்பும் சர்க்கரையும் பெரிய ஆபத்துகள், அவற்றுக்கு வேக நடை எந்த வயதிலும் உதவும். ரத்த அழுத்தமும் ஈசிஜியும் ஒரு முறை பார்த்துவிட்டு, பிசியோ மேடம் சொன்ன பத்து நிமிடத்தில் தொடங்கச் சொல்லுங்கள். முதல் சில வாரம் நீங்களும் கூடப் போங்கள்.